கோழிக்குஞ்சுகளில் சேவலையும் பெட்டையையும் பிரித்தறிவது எப்படி?

கூர்மையான முட்டையில் சேவலும் உருண்டையான முட்டையில் பெட்டையும் பொரிக்கும் என்று நம்பி, அடை வைக்கும்போதே முட்டைகளைப் பொறுக்கி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முட்டையின் வடிவத்துக்கும் குஞ்சின் பாலினத்துக்கும் தொடர்பே இல்லை. கோழிகளில் பாலினம் தாயிடமிருந்து வருகிறது. தாய் தருவது இசட் குரோமோசோம் என்றால் சேவல், டபிள்யூ என்றால் பெட்டை என்பது ஓடு உருவாவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

பொரித்த ஓரிரு நாட்களுக்குள் இறக்கையைப் பார்த்துப் பிரிக்கும் முறை பண்ணைகளில் பரவலாக உள்ளது. குஞ்சை உள்ளங்கையில் அமர்த்தி, இறக்கையை விசிறிபோல் மெதுவாக விரித்தால், அதன் ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு வரிசை இறகுகள் தெரியும். கீழ்வரிசை இறகுகள் மேல்வரிசையைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே அளவாகவோ கீழ்வரிசை குட்டையாகவோ இருந்தால் சேவல். ஆனால், விரைவாக இறகு முளைக்கும் வம்சத்துச் சேவலையும் மெதுவாக முளைக்கும் வம்சத்துப் பெட்டையையும் திட்டமிட்டு இணைத்துப் பெற்ற குஞ்சுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். வீட்டில் அடை வைத்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் இதை நம்பிப் பிரித்தால், கிடைக்கும் விடை வெறும் ஊகமே.

நிறத்தைக் கொண்டு அறிவதும் பெரும்பாலும் இத்தகைய கலப்புகளில்தான் சாத்தியம். ரோட் ஐலண்ட் ரெட் இனச் சேவலை, உடலெங்கும் வரிகள் கொண்ட பிளைமவுத் ராக் இனப் பெட்டையோடு சேர்த்தால், கருங்குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளவை சேவல்கள், பொட்டு இல்லாதவை பெட்டைகள். அக்குஞ்சுகளையே வளர்த்துத் தமக்குள் இணைத்தால், அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் உதவாது.

எச்சத்துவாரத்தைப் பிதுக்கி, சேவல்களுக்கு உள்ளிருக்கும் சிறு முகிழை, அதாவது மொட்டுப் போன்ற புடைப்பைப் பார்க்கும் முறையை ஜப்பானியர்கள் உருவாக்கினார்கள். நீண்ட பயிற்சி பெற்றவர்கள் அதை மிகத் துல்லியமாகவும் வேகமாகவும் செய்கிறார்கள். பெட்டைகளிலும் சிலவற்றுக்கு அத்தகைய முகிழ் இருப்பதால் புதியவர்கள் எளிதில் ஏமாறுவார்கள். அதைவிட முக்கியமாக, தவறாக அழுத்தினால் குஞ்சின் குடல் காயப்பட்டு அது இறந்துபோகலாம். வீட்டில் பத்துக் குஞ்சுகள் வளர்ப்பவர் இதை முயலவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நாட்டுக்கோழி வளர்ப்பவருக்குப் பொறுமையே சரியான வழி. நான்கு முதல் ஆறு வாரங்களில், ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சேவல்களின் கொண்டை பெரிதாகிச் சிவக்கத் தொடங்கியிருக்கும். பெட்டைகளுக்கு அது சிறிதாகவும் வெளிறியும் இருக்கும். கால்களும் சேவலுக்குச் சற்றுப் பருமனாக இருக்கும். வெவ்வேறு வயதுக் குஞ்சுகளையோ, சிறிய உடல்வாகு கொண்ட சிறுவிடையையும் பெரிய உடல்வாகு கொண்ட பெருவிடையையுமோ ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். அசில் போன்று கொண்டை சிறுத்த இனங்களில் இன்னும் காத்திருக்க வேண்டும்.

உறுதியான அடையாளம் ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் இடுப்பில் தெரியும். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் மெல்லிய, கூர்நுனி கொண்ட, பளபளப்பான இறகுகள் தொங்கினால் அது சேவல். அதே இடத்து இறகுகள் அகன்று நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. ஐந்தாம் வாரத்தில் கணித்தவற்றின் காலில் நிற வளையம் மாட்டி வைத்தால் இப்போது சரிபார்க்கலாம். கால் பருக்கும்போது வளையம் இறுகாமல் அவ்வப்போது மாற்ற வேண்டும்.