நாய் ஓயாமல் தண்ணீர் குடித்தது: காரணம் காதில் இருந்தது

பதினோரு நாள் அலைச்சலுக்குப் பிறகு நேற்றுதான் நிம்மதி. எங்கள் நாய் 14 கிலோ. திடீரென்று கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னும் வேண்டும் என்று நின்றது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுப்பியது.

முதலில் வெயில் என்று நினைத்தேன். அப்புறம் உலர் உணவை மாற்றிப் பார்த்தேன். இரண்டிலும் பலன் இல்லை. பிறகுதான் அளந்தேன்: காலையில் அளவுக் குவளையால் ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்தால் 2,100 மில்லி. ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது சாதாரண தாகம் இல்லை.

மருத்துவரிடம் பரிசோதித்ததில் இரத்தச் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டும் சரியாக இருந்தன. தாகத்தைக் கூட்டும் இன்னொரு காரணம் கருப்பையில் சீழ்; கருப்பையை முன்பே எடுத்துவிட்டதால் அதற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சிறுநீர் மட்டும் வெறும் தண்ணீர் போல நீர்த்திருந்தது.

"மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று மருத்துவர் முதல் நாளே கேட்டார். இல்லை என்றேன். காதில் விடும் சொட்டு எனக்கு மருந்தாகவே தோன்றவில்லை. இரண்டாம் முறை போனபோது குப்பியைக் காட்டினேன். அதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இருந்தது. ஸ்டீராய்டு காதுத் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். சிறுநீரகம் நீரைத் தக்கவைப்பதைத் தடுக்கும். தாகம் தொடங்கியதும் சொட்டு தொடங்கிய மூன்றாம் நாள்தான்.

நானாக நிறுத்தவில்லை, மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தேன். தண்ணீரை ஒரு நாளும் மறைக்கவில்லை. நிறைய சிறுநீர் போகும் நாய்க்குத் தண்ணீரை மறைப்பது ஆபத்து. நேற்றைய அளவு 800 மில்லி.