செடியின் டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைப் பிடிப்பது எப்படி

திருநெல்வேலிச் சந்தையில் கறுப்பு முந்திரிகையை (திராட்சையை)ப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கிரெட்1 ஞாபகம் வரும். முந்திரிகையின் நிறத்தை இயக்கும் பரம்பரையலகுக்குப் பக்கத்தில் போய் விழுந்து, பல ரகங்கள் வெள்ளையாகக் காரணமான குதிக்கும் துண்டு, அதாவது டி.என்.ஏ.க்குள் தன்னைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும் துண்டு அது. இப்படிப் பெருகுவதால்தான் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படிப்பட்டவற்றைக் குப்பையென்று வெட்டி எறிந்துவிடாமல் எப்படிக் குறித்து வைப்பது என்று பார்ப்போம்.

எடுத்த எடுப்பில் கோதுமையில் கை வைக்காதீர்கள். ஏறத்தாழ 1,600 கோடி டி.என்.ஏ. எழுத்து, அதில் 80 வீதத்துக்கு மேல் திரும்ப வருபவை, உங்கள் லப்டொப் தாங்காது. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் அராபிடோப்சிஸ் என்ற சிறு செடிக்கு சுமார் 13.5 கோடிதான், அதில் பழகுங்கள். லினக்ஸில் திரும்ப வரும் துண்டுகளைத் தேடி ஒரு நூலகமாக (பட்டியலாக)த் தரும் ரிப்பீட்மொடலரையும், அந்த நூலகத்தை வைத்து அவற்றைக் குறிக்கும் ரிப்பீட்மாஸ்கரையும் நிறுவி, முதலாவதை எல்டிஆர்-ஸ்ட்ரக்ட் என்ற தெரிவோடு ஓடவிடுங்கள். தாவரங்களில் மிகுதியாகப் பெருகும் ஜிப்சி, கோப்பியா என்ற குதிக்கும் துண்டு வகைகள் இரு முனையிலும் ஒரே வரிசை கொண்டவை, அந்தத் தெரிவு அவற்றை முழுசாகப் பிடிக்க உதவும். நாள்கணக்கில் ஓடும். இடையில் கறண்ட் போனால் பதறவேண்டாம், ரிகவர்-டிர் என்று பழைய கோப்புறையைக் காட்டினால் அங்கிருந்து தொடரும்.

சரி, நானும் சறுக்கிய இடத்துக்கு வருவோம். ரிப்பீட்மொடலர் தருகிற நூலகத்தை அப்படியே நம்பிவிடக்கூடாது. அது பெரும்பாலும் பார்ப்பது எத்தனை முறை வருகிறது என்பதைத்தான், ஆனால் அராபிடோப்சிஸில் எஃப்-பொக்ஸ் என்ற ஒரே குடும்பத்துப் பரம்பரையலகுகளே சுமார் 700 இருக்கின்றன, நோயெதிர்ப்புக்கானவையும் கூட்டங்கூட்டமாக உண்டு. இவையும் நூலகத்துக்குள் நுழைந்தால் உண்மையான பரம்பரையலகுகள் மூடுண்டு போகும். எனவே அறியப்பட்ட தாவரப் புரதங்களின் பட்டியலிலிருந்து குதிக்கும் துண்டுகளின் புரதங்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தோடு நூலகத்தை பிளாஸ்ட்-எக்ஸில் (டி.என்.ஏ.யைப் புரதமாக மொழிபெயர்த்து ஒப்பிடும் மென்பொருளில்) ஒப்பிட்டு, பொருந்துபவற்றை நூலகத்திலிருந்து தூக்குங்கள். 'அன்னோன்' (வகை தெரியாதவை) என்று பெயர் விழுந்தவற்றை இரண்டு தரம் பாருங்கள்.

அப்புறம் ரிப்பீட்மாஸ்கருக்கு அந்த நூலகத்தைக் கொடுத்து, எக்ஸ்-ஸ்மால் என்ற தெரிவைப் போடுங்கள். துண்டுகள் சிற்றெழுத்தாக மாறும், வரிசை அழியாது. எல்லாவற்றையும் 'N' என்ற எழுத்தாக்கினால், துண்டு புகுந்த பரம்பரையலகின் ஓரமும் சேர்ந்து போய்விடும்.

கடைசியில் விகிதத்தைப் பாருங்கள். சோளத்துக்கு 85 வீதம் சரி, அராபிடோப்சிஸுக்கு 50 என்று வந்தால் நூலகத்தில் கோளாறு. நிறமூர்த்த முனைகளில் டிடிடிஏஜிஜிஜி (TTTAGGG) தொடர்ந்து வருகிறதா என்றும் தேடுங்கள். மனிதர்களான நம்முடைய முனைகளில் ஒரு டி குறைவு.