வெளி அமைப்புகளோடு இணைந்து திறந்த கல்வி வளம் உருவாக்குவது எப்படி? முதன்முறையாக இறங்குவோருக்கான செய்முறை

பாடத்தை மாணவருக்கு ஏற்றவாறு சொல்லும் பயிற்சி ஆசிரியரிடம் இருக்கிறது. தரவுகளும் படங்களும் துறை சார்ந்த அனுபவமும் ஆய்வகம், அருங்காட்சியகம், தொண்டு நிறுவனம் போன்ற வெளி அமைப்புகளிடம் இருக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்தால் தனியாக எவராலும் எழுத முடியாத பாடம் உருவாகும். ஆனால் இத்தகைய கூட்டுப் பணிகள் பெரும்பாலும் தடுமாறுவது உள்ளடக்கத்தில் அன்று. எல்லாம் எழுதி முடித்த பிறகு, இதை யார் பெயரில், எந்த உரிமத்தின் கீழ் வெளியிடுவது என்ற கேள்வி எழும்போதுதான். அதனால் இவ்விளக்கத்தில் எழுதும் வேலையைக் காட்டிலும் அதற்கு முன்பு முடிக்க வேண்டியவற்றுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன். எடுத்துக்காட்டாக, அறிவியல் ஆசிரியர் குழு ஒன்று மண் பரிசோதனைக் கூடம் ஒன்றுடன் சேர்ந்து, மண்ணின் கார அமிலத் தன்மை பற்றிய பாட அலகு ஒன்றை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம்.

தொடங்கும் முன்: எது திறந்த வளம்?

'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் 2002-இல் பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய கூட்டத்தில் வழக்குக்கு வந்தது. 2019 நவம்பரில் அதே அமைப்பின் பொது மாநாடு இதற்கென ஒரு பரிந்துரையையும் ஏற்றுக்கொண்டது. அதன்படி, பதிப்புரிமைக் கட்டுப்பாடின்றிப் பொது உரிமைப் பரப்பில் இருப்பவையும், எவரும் கட்டணமின்றிப் பெறவும், மீண்டும் பயன்படுத்தவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும், பிறருக்குப் பகிரவும் இசைவு தரும் திறந்த உரிமத்தோடு வெளியாகும் கற்றல் பொருள்களும் திறந்த கல்வி வளங்கள் ஆகும். இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும், கல்வியாளர் டேவிட் வைலியின் அளவுகோல் ஐந்து உரிமைகளைக் கேட்கிறது: படியை வைத்துக்கொள்ளுதல், பயன்படுத்துதல், திருத்துதல், வேறொன்றோடு கலத்தல், பரப்புதல். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஒரு கோப்பு, திருத்தவோ பரப்பவோ இசைவு தராவிட்டால், இலவசமானதே தவிரத் திறந்தது அன்று. கூட்டாளி அமைப்பினர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டு பேச்சுக்கு வருவார்கள். முதல் சந்திப்பிலேயே இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிடுங்கள்.

படி 1: தேவையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எங்களோடு இணைந்து பணியாற்ற இயலுமா என்று பொதுவாகக் கேட்டுக் கடிதம் அனுப்பினால் பொதுவான பதிலே வரும். எந்த வகுப்பு மாணவருக்கு, எத்தனை பாட வேளைக்கு, எந்தக் கருத்தை விளக்க என்பதோடு, அந்த அமைப்பிடமிருந்து குறிப்பாக எது வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில், வெவ்வேறு நிலங்களிலிருந்து எடுத்த மண் மாதிரிகளின் அளவீடுகள், பரிசோதனை நடைபெறும் முறையைக் காட்டும் படங்கள், பாடத்தின் உண்மைப் பிழைகளைச் சரிபார்க்கும் வல்லுநர் ஒருவர் ஆகிய மூன்றும் போதும். அந்த அமைப்புக்கு இதனால் என்ன பயன் என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பது நன்று.

படி 2: உரிமத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

திறந்த வளங்களுக்குப் பெரும்பாலும் பயன்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். 2002 இறுதியில் முதன்முறையாக வெளியான இவற்றின் நான்காம் பதிப்பு 2013 முதல் நடைமுறையில் உள்ளது. மொத்தம் ஆறு உரிமங்கள். அவற்றோடு, உரிமைகள் அனைத்தையும் துறந்துவிடும் சிசி0 என்ற ஆவணமும் உண்டு. ஆறும் நான்கு நிபந்தனைகளின் சேர்க்கைகளே: படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது பிஒய், மாற்றியமைத்ததையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பது எஸ்ஏ, வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது என்சி, மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது என்பது என்டி.

என்டி உள்ள இரு உரிமங்களையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். மொழிபெயர்த்துப் பகிரக்கூட அவை இடம் தருவதில்லை என்பதால், ஐந்து உரிமைகளில் இரண்டு அங்கேயே போய்விடுகின்றன. உண்மையான விவாதம் என்சி பற்றித்தான் நடக்கும். எங்கள் படங்களை யாரோ அச்சிட்டு விற்றுப் பணம் பண்ணினால் என்ன செய்வது என்று கூட்டாளி கேட்பார். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் இலவசப் படி இணையத்தில் இருக்கும்வரை விற்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அச்சுக்கூலியும் அதற்கு மேல் சிறு இலாபமுமே. என்சி சேர்த்தால், அவ்வளத்தை, எவரும் பயன்படுத்தக்கூடிய படங்களையும் கோப்புகளையும் திரட்டிவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற முடியாது. கட்டணம் வாங்கும் பயிற்சி மையம் பயன்படுத்தலாமா என்பது போன்ற ஐயங்களும் தொடர்ந்து வரும். மாற்றியமைத்தவர் தம் படைப்பை மூடிவைத்துவிடக் கூடாது என்பதே கூட்டாளியின் உண்மையான கவலை எனில், அதற்கு எஸ்ஏ போதுமானது. இதில் ஒரே விடைதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேர் தன் பாடங்களை பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில்தான் தருகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள் பல பிஒய் உரிமத்தில் வெளிவந்திருக்க, அதன் நுண்கணித நூல்கள் பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் உள்ளன.

பின்னாளில் சிக்கல் தருவது இந்த உரிமங்களின் பொருத்தம். பிஒய் உரிமத்தில் உள்ள பத்தியை எடுத்து பிஒய்-என்சி-எஸ்ஏ பாடத்துக்குள் சேர்க்கலாம். மறுதலையாகச் செய்ய இயலாது. பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் உள்ள ஒன்றையும் பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் உள்ள ஒன்றையும் கலந்து ஒரே தழுவலாக்குவதற்கு வழியே இல்லை. இரண்டும் தத்தம் உரிமத்தையே கேட்கும். அதனால், எவற்றிலிருந்து எடுத்தாளப் போகிறீர்கள் என்பதைப் பார்த்த பிறகே உரிமத்தை உறுதி செய்யுங்கள். ஒருமுறை வெளியிட்டபின், நிபந்தனைகளைப் பின்பற்றும் பயனரிடமிருந்து இந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் கூட்டாளியிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

படி 3: ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் யார் என்று பட்டியலிடுங்கள்

என் கணிப்பில் முழுப் பணியிலும் இதுவே முதன்மையானது. பெரும்பாலோர் தாண்டிச் செல்வதும் இதைத்தான். கூட்டாளி ஒரு படத்தைத் தருகிறார் என்பதாலேயே அதைத் திறந்த உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது என்று பொருளாகாது. பணியாளர் தம் வேலையின் பகுதியாகப் படைப்பது பல நாடுகளில் நிறுவனத்துக்கே உரியது. வெளியிலிருந்து அமர்த்திய புகைப்படக் கலைஞர் எடுத்த படமோ, எழுத்து மூலம் மாற்றித் தரப்படாதவரை, பெரும்பாலும் அவருக்கே உரியதாக இருக்கும்.

ஒரு விரிதாளைத் திறந்து, பொருள், படைத்தவர், உரிமையாளர், உரிமம், சான்று என ஐந்து நெடுவரிசைகள் வையுங்கள். மண் பரிசோதனைக் கூடத்தின் கோப்புறையை இப்படிச் சலித்தால் வரிசை ஏறக்குறைய இவ்வாறு அமையும்: மாதிரி எடுக்கும் முறையைக் காட்டும் வரைபடம், கூடத்தின் பணியாளர் வரைந்தது, இசைவுக் கடிதம் வந்துவிட்டது; அளவீட்டுக் கருவியின் படம், அதைத் தயாரித்த நிறுவனத்தின் விற்பனைக் கையேட்டிலிருந்து எடுத்தது, பயன்படுத்த இயலாது, நாமே புதிதாக எடுக்க வேண்டும்; நிறமாற்ற அட்டவணை, மூலம் தெரியவில்லை, புதிதாக வரைய வேண்டும்; வயலில் நிற்கும் உழவரின் படம், எடுத்தவர் இசைந்துவிட்டார், படத்தில் இருப்பவரின் ஒப்புதல் இல்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பதிப்புரிமையையும் அதையொத்த சில உரிமைகளையும் மட்டுமே கையாள்கிறது. படத்தில் தோன்றுபவரின் தனியுரிமையை அது தீர்த்துவைப்பதில்லை. ஆகவே ஒப்புதல் தனியாகத் தேவை. சிறார் எனில் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ எழுத்து மூலம் பெற வேண்டும். அளவீட்டுத் தரவுகளிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: நில உரிமையாளரின் பெயரை நீக்கிவிட்டு, இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளை அப்படியே விட்டுவைத்தால், பெயரை நீக்கியதில் பயனில்லை. மண் வகை, ஆழம், அளவீடு ஆகியவை மட்டுமே பாடத்துக்குப் போதும்.

படி 4: எழுத்து மூலம் ஒப்பந்தம்

இரண்டு பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று போதும். கூட்டுப் படைப்பின் உரிமை பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், எதையும் ஊகத்துக்கு விடாமல் எழுதிவிடுவதே நல்லது. உரிமத்துக்கான வரி இப்படி இருக்கலாம்: "இரு தரப்பினரும் தாம் வழங்கும் பொருள்களை வெளியிடும் உரிமை தமக்கு உண்டு என உறுதியளிக்கின்றனர், பாட அலகு முழுவதும், தனியே குறிக்கப்பட்டவை நீங்கலாக, கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடப்படும்."

இதோடு, இறுதி வடிவத்தை முடிவு செய்பவர் யார், சரிபார்த்துத் தரக் கூட்டாளிக்கு எவ்வளவு காலம், குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் என்ன செய்வது ஆகியவற்றையும் சேருங்கள். கூட்டாளியின் சின்னம் நீங்கலாக்கப்பட்டவற்றுள் இருக்க வேண்டும்; இல்லையெனில் பாடத்தை மாற்றியமைக்கும் எவரும் அச்சின்னத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்வார்கள். வணிக நிறுவனத்தோடு இணைந்தால் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: பாடத்தின் உள்ளடக்கம் கல்வித் தேவையை ஒட்டியே அமையும்; கூட்டாளியின் பொருள்களைப் பரிந்துரைக்காது. இதற்கு ஒப்பாத நிறுவனம் விளம்பரக் கையேட்டைத்தான் எதிர்பார்க்கிறது என்று கொள்ளலாம்.

படி 5: எழுதுதலும் சரிபார்த்தலும்

வரைவை ஆசிரியரே எழுதட்டும். வல்லுநரை எழுதச் சொன்னால், அவருக்குப் பழகிப்போன சொற்கள் விளக்கமின்றி வந்து விழும். பிறகு அவற்றைத் திருத்துவது இருவருக்கும் சங்கடம். சரிபார்ப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் வல்லுநர் உண்மைப் பிழைகளை மட்டும் பார்ப்பார். அடுத்து, அப்பாடத்தை எழுதாத வேறோர் ஆசிரியர் மாணவர் சிலரோடு அதை நடத்திப் பார்ப்பார். கார அமிலத் தன்மையை அளக்கும் பிஎச் மதிப்பு 6-லிருந்து 5-ஆகக் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பது வல்லுநருக்கு விளக்கத் தேவையற்ற செய்தி. மாணவர் தயங்கி நிற்பதோ சரியாக அந்த இடத்தில்தான்.

படி 6: திருத்தக்கூடிய வடிவம்

திருத்த இசைவு தந்துவிட்டு பிடிஎஃப் கோப்பை மட்டும் வெளியிட்டால், அந்த இசைவு தாளோடு நின்றுவிடும். பாடத்தை ஓடிடி (ODT) ஆவணமாகவோ ஹெச்டிஎம்எல் (HTML) இணையப் பக்கமாகவோ, வரைபடங்களை எஸ்விஜி (SVG) வடிவிலும், அளவீடுகளை விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) வடிவிலும் சேர்த்துத் தாருங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும், அதில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை எழுதுங்கள். திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்தும் மாணவருக்கு, அது இல்லாவிட்டால் படமே இல்லாததற்குச் சமம்.

படி 7: உரிமக் குறிப்போடு வெளியிடல்

எடுத்தாண்ட ஒவ்வொரு பொருளின் கீழும் தலைப்பு, படைத்தவர், மூலம், உரிமம் ஆகிய நான்கும் வர வேண்டும். மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முகப்புப் பக்கத்தில் முழு அலகுக்குமான குறிப்பும், உரிமப் பக்கத்துக்கான இணைப்பும், பதிப்பு எண்ணும், நாளும் இடம்பெறட்டும். கூட்டாளியின் இணையதளத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அத்தளம் மாற்றியமைக்கப்படும்போது பழைய முகவரிகள் செயலிழப்பது அடிக்கடி நடக்கிறது. நிலையான களஞ்சியம் ஒன்றிலும் ஒரு படி இருக்கட்டும்.

படி 8: வெளியிட்ட பின்

பிழை தெரிவிக்க ஒரு முகவரியும், அதைப் பார்க்கும் பொறுப்புக்கு இரு தரப்பிலும் ஒருவரும் வேண்டும். அந்தப் பொறுப்பை ஆளின் பெயரில் எழுதாமல் பதவியின் பெயரில் எழுதுங்கள். கூட்டாளி அமைப்பில் ஆள் மாறினாலும் தொடர்பு அறுந்துபோகாது. படி 3-இல் உருவாக்கிய விரிதாளையும், பெற்ற இசைவுக் கடிதங்களையும், பாடத்தின் மூலக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் சேமித்து, இரு தரப்பிலும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்ளுங்கள். யாரேனும் ஒரு படத்தின் உரிமை குறித்துக் கேள்வி எழுப்பினால், அந்தப் படத்தை மட்டும் நீக்கி மாற்றுப் படம் சேர்த்து, பதிப்பு எண்ணை உயர்த்தி வெளியிட அந்தக் கோப்புறை போதும்.