தரைக்கடியில போற டிரெயினேஜ் பைப்: நான் பண்ணின, இப்ப பசங்களும் பண்ற தப்புங்க

போன வாரம் ஒரு வீட்டுக்கு போனேன், ரெண்டு பிளம்பர் பசங்க ஹால்ல டைல்ஸ் உடைச்சு குழி தோண்டி வெச்சிருந்தாங்க, எட்டிப் பாத்தா 2009ல நான் பண்ணின அதே கூத்து. பைப்ப தொடைச்சுட்டு பிவிசி ஒட்டுற பேஸ்ட் போடு, காயுறதுக்குள்ள தண்ணி விடாத, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்ருவோம்.

பழைய பைப்ல புது பைப்ப சொருகி சிமெண்ட் அப்புறது

இன்னும் எனக்கு கடுப்பேத்துறது இதுதான். மாம்பலத்துல ஒரு பழைய வீடு, ரெட் ஆக்சைடு தரை, சுவத்துல ஓதம் ஏறுதுன்னு கூப்டாங்க. தோண்டினா 4 இன்ச் ஸ்டோன்வேர் பைப் (சுட்ட களிமண் பைப்) ஒண்ணு விரிசல் விட்டிருக்கு. அந்த துண்ட மட்டும் எடுத்துட்டு மூணடி பிவிசி வெச்சு, ரெண்டு பக்கமும் கலவை பூசி, அன்னைக்கே மண்ண தள்ளி தரையும் போட்டாச்சு. வீட்டம்மா காபி வேற குடுத்தாங்க, நானும் பெரிய ஆளு மாதிரி காச வாங்கிட்டு வந்துட்டேன்.

ஏழே மாசம். தரை ஒரு மூலைல அமுங்கிருச்சு, கரப்பான், நாத்தம். திரும்ப உடைச்சா நான் வெச்ச கலவை வளையல் மாதிரி பைப்ப விட்டு கழண்டு நிக்குது, கையால சுத்துனா சுத்துது. அந்த சந்துல தண்ணி கசிஞ்சு, மண்ணு கரைஞ்சு பைப்புக்குள்ள போயி, தரைக்கடியில ஒரு பொந்து. பக்கத்து வேப்பமரம் நூல் மாதிரி வேர வேற உள்ள விட்டிருந்துச்சு. ரெண்டாவது தடவ தரை போட்ட செலவு என் கைக்காசு.

பிவிசி வழவழன்னு இருக்கும், அதுல சிமெண்ட் பிடிக்காது, கலவை காயும்போது சுருங்கும், சுடுதண்ணி போனா பைப் நீளும், மண்ணு கொஞ்சம் அமுங்கினாலும் ஜாயிண்ட் விட்டுரும். அதோட ஸ்டோன்வேர்ல ரெண்டு மூணடிக்கு ஒரு ஜாயிண்ட் இருக்கு, ஒண்ணு போச்சுன்னா மத்ததுக்கும் அதே வயசுதான். அதனால சேம்பர் டு சேம்பர் (சேம்பர்னா பைப்ப தொறந்து பாக்குறதுக்கு மூடி போட்டு கட்டுற தொட்டி) முழு லைனையும் மாத்துங்க. ஓனர் காசில்லன்னா, சேர்ற இடத்துல வீட்டுக்கு வெளிய ஒரு சின்ன சேம்பர் கட்டுங்க, இல்ல ரெண்டு பைப் முனையையும் சேத்துப் பிடிக்குற, ஸ்டீல் கிளாம்ப் போட்ட ரப்பர் கப்ளிங் போடுங்க. சிமெண்ட்தான் வழின்னா பிவிசி முனைய உப்புத்தாள்ல தேச்சு, பேஸ்ட் தடவி, ஈரத்துலயே காஞ்ச மணல தூவி ஒரு நாள் விட்டு அப்புறம் கலவை வைங்க, கொஞ்சம் பிடிக்கும். இத எங்க மேஸ்திரி சொல்லித் தரல, நானும் கேக்கல.

தண்ணி நிறுத்திப் பாக்காம மூடுறது

ஒரு பக்கெட் ஊத்தி "ஓடுது"ன்னு சொல்றது டெஸ்டே இல்ல, ஓட்ட பைப்லயும் தண்ணி ஓடத்தான் செய்யும். கீழ் சேம்பர் பக்கம் வாய நல்லா அடைச்சு, மேல வரைக்கும் ரொப்பி, மார்க் போட்டுட்டு போயி டீ குடிச்சுட்டு வாங்க. புது லைன்ல மட்டம் இறங்கக் கூடாது. அந்த பசங்ககிட்ட இத சொன்னா, "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள டைல்ஸ் ஒட்டணும்னு ஓனர் சொல்லிட்டாரு"ங்குறானுங்க.

வாட்டம்

4 இன்ச் பைப்புக்கு பத்தடிக்கு 3 இன்ச் சரிவு. டியூப் லெவல் (தண்ணி ரொப்பின டியூப்ல மட்டம் பாக்குறது) பிடிங்க, கண்ண நம்பாதீங்க.

உடைச்ச குப்பையவே குழில தள்ளுறது

டைல்ஸ் துண்டு, செங்கல் எதுவும் பைப்ப தொடக் கூடாது. அடியிலயும் மேலயும் மணல் போடுங்க, அதுக்கு மேல மண்ண அரையடி அரையடியா கொட்டி தண்ணி விட்டு திமிசுக்கட்டையால இடிச்சு இறுக்குங்க. மொத்தமா தள்ளி மேல ஏறி குதிச்சா தரையும் பின்னாடியே இறங்கும், வாட்டமும் போயிரும்.

நானி ட்ராப்ப எடுத்துட்டு நேரா பைப் விடுறது

பண்ணாதீங்க. பாத்ரூம் தரை ஓட்டையில கொஞ்சம் தண்ணிய நிறுத்தி வெச்சு சாக்கடை நாத்தத்த தடுக்குறதே அந்த ட்ராப்தான்.

சுவத்த ஒட்டி மொத்த நீளத்துக்கும் தோண்டுறது

கொஞ்சம் தோண்டி, பைப் போட்டு, மூடிட்டு அடுத்தத தோண்டுங்க. அஸ்திவாரத்துக்குக் கீழ குழி போகுதுன்னா கடப்பாரைய வெச்சுட்டு முதல்ல இன்ஜினியர கூப்பிடுங்க.