போட்டோ எடிட்டிங்குக்கு கம்ப்யூட்டர்: காசு எங்கே வீணாகிறது?

கல்யாண போட்டோகிராபியில் புதிதாக இறங்கும் தம்பிகள், முதல் சீசன் காசு கைக்கு வந்ததும் கம்ப்யூட்டர் வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நான் தப்பாக வாங்கியது போலவே வாங்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தேவையில்லாத சாஃப்ட்வேரை நீக்குவது போன்றவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம்.

பட்ஜெட்டில் பாதியை கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். கடையில் எந்த கேம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று ஓட்டிக் காட்டுவார்கள். போட்டோ வேலைக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

வைகாசி முகூர்த்த நேரத்தில் ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணே, புது மெஷின்தான். ஆனா ஒவ்வொரு போட்டோவுக்கும் லோடிங், லோடிங்னு நிக்குது." போய்ப் பார்த்தேன். கார்டு மட்டும் விலை உயர்ந்தது. ரேம் 8 ஜி.பி. போட்டோ எடிட் செய்யும் லைட்ரூம் சாஃப்ட்வேரின் கேட்டலாக் (எந்தப் படம் எங்கே, என்ன எடிட் என்ற பதிவேடு), ரா ஃபைல்கள் (கேமரா பதிவு செய்யும் மூலப் படங்கள்) எல்லாம் ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை ஓரமாகத் திறந்து வைத்துவிட்டு, போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னேன். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கார்டு சும்மா கிடந்தது.

நம் நேரத்தைத் தின்பது போட்டோ பொறுக்கும் வேலைதான். ஆயிரக்கணக்கான ரா ஃபைல்களைப் படிக்க வேண்டும், ப்ரிவியூ உருவாக்க வேண்டும். இதில் டிஸ்க்குக்கும் ப்ராசஸருக்கும்தான் பெரிய பங்கு. சாதா ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 எம்.பி. அளவில் படிக்கும், அதுவும் ஒரே பெரிய ஃபைலாக இருந்தால்தான். கேட்டலாக்கோ ஆயிரம் இடத்தில் துண்டு துண்டாகத் தேடும். அங்கேதான் அது திணறும். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி.யில், சாட்டா வகை 500 எம்.பி.யைத் தாண்டும், என்.வி.எம்.இ. வகை அதற்கும் பல மடங்கு மேலே.

அந்தத் தம்பிக்கு ஒரு என்.வி.எம்.இ. போட்டு, கேட்டலாக்கையும் அந்தக் கல்யாணத்தின் ரா ஃபைல்களையும் அதற்கு மாற்றினோம். லோடிங் நின்றுவிட்டது. கார்டுக்குக் கொடுத்த காசில் சிறு பங்குகூட ஆகவில்லை.

கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 ஜூனிலிருந்து லைட்ரூம் கிளாசிக் எக்ஸ்போர்ட்டுக்கும் கார்டைப் பயன்படுத்துகிறது. படத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் நாய்ஸை நீக்க 2023இல் வந்த ஏ.ஐ. டீநாய்ஸ், நல்ல கார்டு இல்லாவிட்டால் ரொம்ப மெதுவாக ஓடும். ரிசப்ஷனில் வெளிச்சம் போதாமல் கேமராவின் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி எடுத்த படங்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் ப்ராசஸர், ரேம், எஸ்.எஸ்.டி. மூன்றையும் முடித்த பிறகு மிஞ்சுகிற காசில் கார்டு வாங்குங்கள். நடுத்தரக் கார்டே போதும்.

ரேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

12×36 அங்குல ஆல்பம் ஷீட்டை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 10,800×3,600 பிக்சல். முழு லேயர் ஒன்றே 8 பிட்டில் 100 எம்.பி.யைத் தாண்டும். பின்னணி, மணமக்கள், பூ, ஃப்ரேம் என்று அடுக்கும்போது 16 ஜி.பி. மூச்சு வாங்கும். 32 வையுங்கள், இரண்டு ஸ்டிக்காக. லேப்டாப் என்றால் ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். அப்படியிருந்தால் பின்னால் ஏற்றவே முடியாது.

மிச்சக் காசில் மானிட்டர்

விலை குறைந்த லேப்டாப்களில் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு "45% என்.டி.எஸ்.சி." என்று போட்டிருப்பார்கள். சாதாரணத் திரைகளுக்கான நிற அளவுகோலான எஸ்.ஆர்.ஜி.பி.யில் மூன்றில் இரண்டு பங்கு நிறம்கூட அதில் தெரியாது. கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளுத்துத் தெரிகிறதே என்று சேச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றுவீர்கள். ஆல்பம் அச்சாகி வந்தால் கண்ணைக் குத்தும். பெண் வீட்டார் முதலில் பார்ப்பது புடவை நிறத்தைத்தான். 100% எஸ்.ஆர்.ஜி.பி., ஐ.பி.எஸ். பேனல், இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

மெமரி கார்டு ரீடரை யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகுவது

வினாடிக்கு 40 எம்.பி.கூடத் தேறாது. 3.0 போர்ட்டில் செருகுங்கள்.

ஒரே டிஸ்க்கில் எல்லாம்

வேண்டாம். அது கெட்டால் படங்கள் எல்லாம் போய்விடும். கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது.

யூ.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்

கேட்டலாக்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது கெட்டுப்போகலாம். பில் போடும்போதே யூ.பி.எஸ்.ஸையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.