ஜெர்மனியில் பணியமர்ந்த அமெரிக்கப் படைக் குடும்பங்கள் சாலைத் தொல்லையை எதிர்கொள்ளும் முறை

அயல்நாட்டில் பிறந்தவர்களை அமெரிக்கப் படைகளில் சேர்ப்பதற்காக 2009-இல் தொடங்கி 2016-இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியாகவும் வேறு வழிகளிலும் படையில் சேர்ந்த நம்மவர்களில் சிலருக்கு ஜெர்மனிக்கு மாற்றல் வருகிறது. ராம்ஸ்டைன் விமானத் தளமும் லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனையும் உள்ள கைசர்ஸ்லௌட்டர்ன் வட்டாரத்தில் என் கணவரின் பணி நிமித்தமாக நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வீடு, பள்ளி, குளிருடை பற்றியெல்லாம் சொல்லித்தர ஆள் இருந்தார்கள்; சாலையில் முன்பின் தெரியாத ஒருவர் தொல்லை கொடுத்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில், எது தொல்லை, எது தொல்லையல்ல என்று பிரித்தறிய வேண்டும். ஆட்டோபான் எனப்படும் ஜெர்மன் விரைவு நெடுஞ்சாலையில் வலத் தடத்தில் செல்வதே விதி. இடத் தடம் முந்துவதற்கு மட்டுமே உரியது. ஊர் எல்லைக்கு வெளியே, முந்தப் போவதைத் தெரிவிக்கப் பின்னால் வருபவர் விளக்கைச் சிறிது மினுக்குவதைச் சட்டமே அனுமதிக்கிறது. அமெரிக்காவில் ஓட்டிப் பழகிய நாம் இடத் தடத்திலேயே நிதானமாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, பின்னால் விளக்கு மினுங்கியதும் நம்மை அவமதிப்பதாக எண்ணிக்கொள்கிறோம். வலப்பக்கம் ஒதுங்கினால் பெரும்பாலான சங்கடங்கள் அந்த நொடியிலேயே முடிந்துவிடும். ஆனால் வேகமானி காட்டும் எண்ணில் பாதியை மீட்டராகக் கொண்டு இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே ஓட்டுநர் பள்ளியில் சொல்லித்தரும் கணக்கு. 120 கிலோமீட்டர் வேகத்தில் 60 மீட்டர். அதை மீறி, நம் வண்டியின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு விடாமல் விளக்கடித்து வழிவிடும்படி நெருக்குவது, ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 240-ஆம் பிரிவின்படி குற்றமாகக் கூடியது.

அப்படி நெருக்குபவருக்குப் பாடம் புகட்டுவதாக எண்ணிப் பிரேக்கை மிதிக்காதீர்கள். அது உங்கள்மீதே வழக்காகத் திரும்பும். நடுவிரலைக் காட்டுவதும், மூளை இல்லையா என்பதுபோல் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவதும் அங்கே அதே சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய அவமதிப்புகள். படையாள் செய்தால் ஜெர்மன் அதிகாரிகளோடு தன் மேலதிகாரிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருக்கட்டும், கண்ணோடு கண் பார்க்காதீர்கள்.

ஒரு நவம்பர் மாலை, ஏ6 நெடுஞ்சாலையில் லாண்ட்ஸ்டூலிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வலத் தடத்துக்கு ஒதுங்கிய பிறகும் ஒரு கார் எனக்குப் பின்னாலேயே ஒதுங்கியது. பிறகு பக்கவாட்டில் வந்து, கண்ணாடியை இறக்கி, ஏதோ கத்தியது. மறுபடியும் பின்னால் போய் உயர்விளக்கைப் போட்டது. கைசர்ஸ்லௌட்டர்ன் மேற்கு வெளியேற்றத்தில் நான் இறங்கியபோது அதுவும் இறங்கியது. எனக்கு அந்த வண்டியின் எண் மனத்தில் நிற்கவே இல்லை. பின்னிருக்கையில் இருந்த என் ஒன்பது வயது மகள், நான் சொல்லாமலேயே, பனி படர்ந்திருந்த பக்கக் கண்ணாடியில் விரலால் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தாள். வெளிச்சமும் ஆட்களும் உள்ள ஒரு பெட்ரோல் பங்கில் கதவுகளைத் திறக்காமல் நிறுத்தி, 110-ஐ அழைத்தேன். அந்தக் கார் பங்கின் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டது. கண்ணாடியில் எழுத்து வழிந்தோடும் முன் அதைப் படமெடுத்ததால்தான் காவலர்களிடம் கொடுக்க எனக்கு ஏதாவது இருந்தது.

ஆகவே எண்ணைக் குறித்துக்கொள்ளும் வழக்கத்தை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். ஜெர்மன் எண்பலகையில் முதலில் மாவட்டத்தின் எழுத்துகள், பிறகு ஒன்றிரண்டு எழுத்துகள், கடைசியில் இலக்கங்கள் வரும், கைசர்ஸ்லௌட்டர்னுக்கு கே-எல். எண்ணை வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொன்னால் நினைவில் நிற்கும், கூட இருப்பவருக்கும் கேட்கும். காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 112. அழைக்கும்போது சாலையின் பெயர், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள், ஓரத்தில் உள்ள சிறு பலகை காட்டும் கிலோமீட்டர் எண் ஆகிய மூன்றையும் முதலில் சொல்லுங்கள். யாரோ பின்தொடர்கிறார்கள் என்பதைச் சொல்ல "இஷ் வேர்ட ஃபெர்ஃபோல்க்ட்" என்ற மூன்று சொற்கள் போதும். மீதியை ஆங்கிலத்தில் சொல்லலாம்.

பின்தொடரும் வண்டியை வீட்டு வாசல்வரை கூட்டிப் போகாதீர்கள். தளத்தின் வாயில் நல்ல புகலிடம். ஆனால் எல்லா வாயில்களும் இரவு முழுவதும் திறந்திருப்பதில்லை என்பதால், எது திறந்திருக்கும் என்று பகலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பதற்றத்தில் வேகமாகப் பாய்ந்து செல்வது காவலருக்குத் தாக்குதலாகத் தோன்றும்; வேகத்தைக் குறைத்து, அபாய விளக்குகளைப் போட்டு, கைகள் தெரியும்படி நெருங்குங்கள்.

வண்டி பழுதாகி நின்றால் ஒளிரும் மேலங்கியை அணிந்து, முக்கோணத்தை நெடுஞ்சாலையில் 150 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வைத்து, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். கைப்பேசி செத்துப்போனாலும், ஓரத்து வெள்ளைக் குச்சிகளின் தலையில் உள்ள சிறு அம்புக்குறி அருகிலுள்ள ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசிக்கு வழிகாட்டும். உதவுவதாகச் சொல்லி நிற்பவரில் பெரும்பாலோர் நல்லவர்களே. இருந்தாலும் உதவிக்கு அழைத்தாயிற்று என்று சொல்லி, அவருடைய வண்டியில் ஏறாமல் இருப்பதே சரி. சாதாரண உடையில் வந்து காவலர் என்று சொல்பவரிடம் அடையாள அட்டையைக் கேட்கலாம், சந்தேகம் தீரவில்லையென்றால் 110-இல் உறுதிசெய்துகொள்ளலாம்.

நடந்து போகும்போதும் பேருந்து நிறுத்தத்திலும் வரும் தொல்லைக்கு ஜெர்மன் மொழியிலேயே ஒரு கருவி இருக்கிறது. நம் மொழியில் நீ, நீங்கள் என்று இருப்பதுபோல அங்கே டூ, ஸீ என்று உண்டு. கோபம் வந்தால் நாம் நீ என்று இறங்கிவிடுவோம். அங்கே அப்படிச் செய்யக்கூடாது. "லாஸன் ஸீ மிஷ் இன் ரூஹ", அதாவது என்னைத் தொல்லைப்படுத்தாதீர்கள் என்று மரியாதைச் சொல்லோடு உரக்கச் சொன்னால், இது கணவன் மனைவி சண்டையல்ல, அந்த ஆள் இவளுக்கு அந்நியன் என்று சுற்றியிருப்பவர்களுக்கு உடனே விளங்கும். பொதுவாகக் கூவாமல், நீலச் சட்டைக்காரர், தொப்பி அணிந்தவர் என்று ஒருவரைக் குறிப்பிட்டு உதவி கேளுங்கள்.

படை அடையாளத்தை வெளியே காட்டாதீர்கள் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பதற்கு, 2011 மார்ச் 2 அன்று பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கு வெளியே நின்ற பேருந்தில் நடந்தது சான்று. கொலையாளி முதலில் ஒரு சிகரெட் கேட்டு, அதில் போகவிருந்த அமெரிக்க விமானப்படையினர் ஆப்கானிஸ்தான் போகிறவர்களா என்று விசாரித்த பின்னரே சுட்டான். இரண்டு விமானப்படையினர் உயிரிழந்தனர், இருவர் காயமடைந்தனர். எங்கே வேலை, எப்போது அனுப்புகிறார்கள் என்று கேட்கும் அந்நியருக்குப் பதில் சொல்லாமல் நகர்வது மரியாதைக் குறைவாகாது. தற்காப்புக்கென்று ஒற்றைக் கையால் விரித்துப் பூட்டும் மடக்குக் கத்தியை எடுத்துச் செல்லாதீர்கள். டெக்சஸில் பையில் கிடக்கும் அந்தப் பொருளை ஜெர்மனியில் தக்க காரணமின்றி வெளியே கொண்டு செல்வது ஆயுதச் சட்ட மீறல்.

நம் பெண்கள் பலரும் தவறவிடுவது புகார் கொடுப்பதைத்தான். கணவரின் பெயர் கெடும், அவருடைய படைப்பிரிவில் பேச்சாகும் என்று விழுங்கிக்கொள்கிறோம். நானும் முதல் ஆண்டில் இரண்டு முறை அப்படி விழுங்கினேன். தளத்துக்கு வெளியே நடப்பதை விசாரிக்கும் பொறுப்பு முதன்மையாக ஜெர்மன் காவல்துறையுடையது என்பதால் முதலில் அவர்களிடமும், பிறகு ராணுவக் காவலர்களிடமும் தெரிவியுங்கள். உடலைத் தொட்டுத் தொல்லை செய்வது 2016 முதல் அங்கே தனிக் குற்றம். நிறத்தைச் சொல்லித் திட்டியிருந்தால், கேட்ட சொல்லை மொழிபெயர்க்காமல், மென்மையாக்காமல் அப்படியே சொல்லுங்கள். காரில் கேமரா இருந்தால் பதிவை அழிக்காதீர்கள். இடைவிடாமல் பதிவுசெய்வது தரவுப் பாதுகாப்பு விதிக்கு முரணானாலும், விபத்து இழப்பீட்டு வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று 2018 மே மாதம் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதை இணையத்தில் ஏற்றாதீர்கள். 116 016 என்ற பெண்களுக்கான உதவித் தொலைபேசி நாள் முழுவதும் இலவசமாக, ஆங்கிலத்திலும் இயங்குகிறது.

அவமதிப்புக் குற்றத்துக்கு, செய்தவர் யாரென்று தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடரும்படி கோரும் விண்ணப்பத்தை நீங்கள் கொடுக்க வேண்டும். வாக்குமூலத்தின்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். திரும்பும் முன் புகார் எண்ணை எழுதி வாங்கி, அதன் நகலைக் கணவரின் அல்லது மனைவியின் பிரிவு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.