மஞ்சள் பூப்புதரை அடையாளம் கண்டு விதையிலிருந்து வளர்க்கும் முறை

சேலத்திலிருந்து ஏற்காடு மலை அடிவாரம் வரையுள்ள சாலையோரங்களிலும் தரிசுகளிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் புதர்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. பெயரைத் தவறாகக் கொண்டால் விதைக்கும் முறையும் தவறிப்போகும் என்பதால், விதையைச் சேகரிக்கும் முன் செடியைச் சரியாக அறிந்துகொள்வதே முதல் வேலை.

பூவைவிட இலையும் காயும் உறுதியான சான்றுகள். இலைகள் தண்டில் எதிரெதிராக அமைந்து, சிற்றிலைகளின் ஓரம் ரம்பப் பற்களைப் போலிருந்து, பூ குழல் வடிவில் இருந்தால் அது டெக்கோமா. ஐந்து இதழ்களும் விரிந்த பூ, மாறி மாறி அமைந்த இலைகள், நுனியில் ஒற்றைச் சிற்றிலை இன்றி இணை இணையாகவே முடியும் சிற்றிலைகள் ஆகியவை இருந்தால் ஆவாரையாகவோ அதன் நெருங்கிய உறவாகவோ இருக்கலாம். அப்போது இலைக்காம்பின் அடியைக் கூர்ந்து பாருங்கள்: காது மடல் போன்ற இரு அகன்ற பச்சைச் செதில்கள் உதிராமல் நின்று, ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே ஒரு சிறு சுரப்பி தென்பட்டால் ஆவாரை என்று துணியலாம். பூங்கொத்து மெழுகுவத்தி போல நிமிர்ந்து நின்று, காயில் நீளவாக்கில் நான்கு இறக்கைகள் இருந்தால் அது சீமை அகத்தி. காய் உப்பி, காய்ந்தபின் ஆட்டும்போது கலகலத்தால் கிலுகிலுப்பை. கிளையை ஒடித்தால் பால் வடிவது மஞ்சள் அரளி. அதன் விதை கொடிய நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்கவே வேண்டாம். ஐயம் தீராவிட்டால் பூ, காய், கணு மூன்றும் தெரியும்படி படம் எடுத்து, ஏதேனும் கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம்.

காப்புக்காட்டில் விதை பறிக்கக் கூடாது. உரியவரின் இசைவோடு பட்டா நிலத்திலிருந்தே எடுங்கள். ஆவாரையின் தட்டையான காய்கள் செடியிலேயே பழுப்பாகக் காய்ந்தபின் உடைத்து, வண்டு துளைத்த விதைகளை நீக்கிவிட வேண்டும். நல்ல விதையின் தோல் நீர் புகாத அளவுக்குக் கடினமானது. கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரை அதன்மேல் ஊற்றி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் ஊதிப் பெருத்த விதைகளை உடனே விதைக்கலாம். பெருக்காதவற்றை, முளை வரும் முனையைத் தவிர்த்து, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்க வேண்டும். டெக்கோமாவின் மெல்லிய இறகு விதைக்கு இந்த வெந்நீர் கேடு. அதை அப்படியே தூவி மெல்லிய மண் போர்த்தினால் போதும்.

செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பிய பாலித்தீன் பையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஆவாரை விதையை ஊன்றுங்கள். ஆணிவேர் விரைவாக இறங்குவதால் தட்டில் நாற்று விட்டுப் பிடுங்குவதைவிடப் பையே நல்லது. ஆனியில் ஊன்றினால் புரட்டாசி மழைக்குக் கன்று தயாராகிவிடும். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில், நீர் தேங்காத மேட்டில் நட்டு, வேர் பிடிக்கும் வரை மட்டும் தண்ணீர் விடுங்கள்.